அணி முழுதும் மருதாணி

எட்டுப் பெண்களும் கைகளை நீட்டினார்கள். எல்லா நகங்களும் சிவந்திருந்தன.

எர்னா அக்கா வரிசையின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடந்து பார்த்தாள். சாரணியர் அணிக்கு அவள்தான் பொறுப்பு. சீருடையில் ஒரு பொத்தான் மாறியிருந்தாலும் விடமாட்டாள்.

"இது என்ன, சாரணியர் அணியா, கல்யாண வீடா?"

பையன்களின் வரிசையில் சிரிப்பு எழுந்தது. பெண்கள் சிரிக்கவில்லை.

யாருடைய யோசனை என்று கேட்டதற்கு ஹோலிஃபா ஓரடி முன்னால் வந்தாள். நேற்றுச் சாயங்காலம் பொழுது போகவில்லை, எல்லோருக்கும் மருதாணி இட்டுவிட்டேன் என்றாள்.

தண்டனையாக எட்டுப் பேரும் மைதானத்தைச் சுற்றி ஓடினார்கள். உப்பளக் காற்றில் புழுதி எழுந்து முக்காடுகளில் படிந்தது.

ஓடுவது மஸ்ரூராவுக்கு ஒரு பொருட்டில்லை. இன்று நடக்கவிருந்த தர உயர்வுச் சடங்கையே நிறுத்திவிடுவார்களோ என்பதுதான் பயம். பந்தாரா தரத்திலிருந்து லக்சனாவுக்கு உயர்வதற்காக ஓராண்டாக மீனவத் தெருப் பிள்ளைகளுக்குப் படிக்கக் கற்றுக்கொடுத்திருந்தாள். மழையில் இரண்டு முகாம்களை நடத்தியிருந்தாள். இன்று தள்ளிப்போனால் பிறகு இல்லை.

எர்னா அக்கா நிறுத்தவில்லை.

கொடிமரத்தடியில் மஸ்ரூரா நடுவில் நின்றாள். இடப்பக்கம் ஒரு துணை, வலப்பக்கம் ஹோலிஃபா. நடத்தைக்குச் சாட்சி சொல்ல வேண்டியவள் வலப்பக்கத் துணை.

பூ மிதந்த தண்ணீரை எர்னா அக்காவே மஸ்ரூராவின் கைகளில் ஊற்றினாள்.

பாதியில் குவளை நின்றது.

மற்றவர்களின் நகங்கள் அடிவரை சிவப்பு. இவளுடைய நகங்களில் மட்டும் அடியில் பிறைபோல வெள்ளை வளர்ந்திருந்தது.

எர்னா அக்கா நிமிர்ந்து ஹோலிஃபாவைப் பார்த்தாள். ஒவ்வொரு சடங்கிலும் கேட்கிற கேள்விதான்.

"வயசு இருபத்தொண்ணுக்குள்ள இருக்கணும், கல்யாணம் ஆகியிருக்கக் கூடாது. லக்சனாவுக்கு இவ தகுதிதானா?"

"தகுதிதான்க்கா."

குவளையில் மிச்சமிருந்த தண்ணீரையும் எர்னா அக்கா ஊற்றினாள். ஒரு பிடி பூவையும் அள்ளி அந்தக் கைகளின் மேல் போட்டாள்.

மஸ்ரூரா கொடியின் நுனியை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்து உறுதிமொழி சொன்னாள். புதிய பட்டிகள் தோளில் ஏறின. பையன்கள்கூடக் கை தட்டினார்கள்.

மற்ற ஏழு பேரின் மருதாணி, நேற்று ஹோலிஃபா இட்டது.

மஸ்ரூராவுக்குப் போன மாதம் அவளுடைய மாமியார் இட்டது.