ஐந்தாவது குண்டு

2009 ஏப்ரல் 18, சனிக்கிழமை, பிற்பகல் மூன்று நாற்பது. மேற்கிலிருந்து வறண்ட காற்று, வேலியோரத்தில் மட்டும் கரையாத பனி.

வெல்மா ஹாஸ்கெட் முதலில் காற்றைத்தான் சந்தேகித்தாள். இருபத்தைந்து கெஜத் தொலைவில் எந்தக் காற்றும் ஒரு குண்டைக் கையகலம் தள்ளிவிடாது. ஆகவே காற்றை விடுவித்தாள்.

மிஞ்சியவை இரண்டு: துப்பாக்கி, மனிதர்.

சுடுகளத்து அலுவலக மேசைமேல் இலக்குத் தாள் கிடந்தது. நான்கு துளைகள் ஒரு வெள்ளி டாலர் நாணயத்துக்குள் அடங்கும். ஐந்தாவது, இடப்பக்கம் கையகலம் விலகித் தனியாக நின்றது.

அந்தக் கடைசிக் குண்டால் ஆர்வில் ட்ரூப் தோற்றார். வயோமிங் மாநில அணியில் எஞ்சியிருந்த ஓர் இடம் அவருடைய மருமகன் கெர்பிக்குப் போனது.

மூன்றாவதாக வந்த மெர்ல் எழுத்தில் புகார் கொடுத்திருந்தான். வேண்டுமென்றே தவறவிட்டது உறுதியானால் மாமனார், மருமகன் இருவருக்கும் ஆயுள் தடை. ஐந்து மணிக்குள் தீர்ப்பெழுத வேண்டியவள் நடுவரான வெல்மா.

"மாமனார் பாசம் குண்டையே வளைக்குது, பாத்தீங்களா? எனக்கும் இப்படி ஒருத்தர் வாச்சிருந்தா வீட்ல படுத்துக்கிட்டே ஜெயிச்சிருப்பேன்," என்றான் மெர்ல்.

"உன் மாமனாரு உனக்குப் பொண்ணு குடுத்ததே குறி தப்பித்தான்டா," என்றார் ஆர்வில். தொப்பி அவர் முழங்காலில் இருந்தது.

வெல்மா சிரிக்கவில்லை. ஆர்விலின் ரிவால்வரை எடுத்துக்கொண்டு களத்துக்கு நடந்தாள். இருவரும் பின்னால் வந்தார்கள்.

ஒவ்வொரு முறையும் கட்டைவிரலால் சுத்தியலை இழுத்து நிமிர்த்தினாலன்றிச் சுடாத பழைய வகை. உருளையில் ஆறு அறைகள். அவற்றுள் ஒன்றின் விளிம்பில், குண்டூசித் தலையளவு சிவப்பு நகச்சாயம்.

குழலை மணல் மூட்டைமேல் கிடத்தி, அறைக்கொரு தோட்டாவாகச் சுட்டாள். ஐந்து அறைகளும் ஏறக்குறைய ஒரே துளையில் இட்டன. சிவப்புப் புள்ளியிட்ட அறை இடப்பக்கம் கையகலம் எறிந்தது.

மீண்டும் சுட்டாள். அதே கையகலம்.

உருளையில் அந்த ஓர் அறை குழலுக்கு நேராக நிற்கவில்லை. மெர்லின் முகம் தொங்கியது. வெல்மாவின் சந்தேகமோ அப்போதுதான் நிமிர்ந்து உட்கார்ந்தது.

இந்த வகைத் துப்பாக்கியில் ஆறு தோட்டாவை எவரும் ஏற்றுவதில்லை; சுத்தியல் வெற்று அறைமேல் படுத்திருந்தால்தான் பத்திரம். ஏற்றும் எண்ணிக்கை இதுதான்: ஒன்றில் போடு, ஒன்றை விடு, நான்கில் போடு. புள்ளி வைத்தவர் எந்த அறையை விடுவார் என்பதைச் சொல்ல நடுவர் தேவையில்லை. முப்பது ஆண்டுகளாக ஆர்வில் அந்த அறையைப் பட்டினி போட்டிருக்கிறார்.

இன்று அதற்குச் சோறு போட்டிருக்கிறார்.

அதுவும் முதல் தோட்டாவை. இந்த முறையில் முதலில் ஏற்றியது கடைசியில்தான் வெடிக்கும். கை நடுங்க வேண்டாம், கண் இமைக்க வேண்டாம். ஐந்து முறையும் நேர்மையாகக் குறி பார்த்துக்கொண்டே தோற்றுவிடலாம். இருபத்திரண்டு ஆண்டுகளில் இவ்வளவு சுத்தமான பித்தலாட்டத்தை அவள் பார்த்ததில்லை.

அலுவலகத்துக்குத் திரும்பிப் பேனாவைத் திறந்தாள்.

"புள்ளி வெச்ச அறையில தோட்டா போட்டீங்களா?"

"போட்டிருக்கேன் போல."

"வேணும்னேவா?"

"இல்ல."

"முப்பது வருஷமா தப்பாத எண்ணிக்கை, இன்னிக்கு மட்டும் எப்படித் தப்புச்சு?"

ஆர்வில் மெர்லைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். அறுபத்தாறு வயது மனிதரின் கழுத்து மெல்லச் சிவந்தது.

"அத நீங்களா கேக்கறீங்க, வெல்மா?"

பேனா நின்றது.

காலை ஒன்பதரைக்கு, தோட்டா ஏற்றும் மேசையில் அலுவலராக நின்றவள் அவள்தான். மூன்று வாரங்களாகத் தேக்கிவைத்திருந்த பதிலை, அவர் உருளையைத் திருப்பிக்கொண்டிருந்த அந்த நேரத்தில், மேசைக்கு இப்பால் நின்று சொல்லிவிட்டாள். அவர் தலையைத் திருப்பவில்லை. காதுகளில் இரைச்சல் தடுப்பான் இருந்தது. கேட்கவில்லை என்று முதலில் நினைத்தாள். கேட்டும் கேளாதவர்போல் இருந்துவிட்டார் என்று பிறகு நினைத்தாள். இந்த இரண்டாவது நினைப்பு ஆறு மணி நேரமாக அவளைத் தின்றுகொண்டிருந்தது.

அவள் எழுதத் தொடங்கினாள். ஒரு சொல்லையும் அடிக்கவில்லை. கையெழுத்திட்டு, தாளை ஆர்விலிடம் அல்லாமல், புகார் கொடுத்த மெர்லிடம் நீட்டினாள்.

மெர்ல் உரக்கப் படித்தான்.

"ஐந்தாவது குண்டு விலகியது, புள்ளியிட்ட அறையில் தோட்டா ஏற்றப்பட்டதால். அது வேண்டுமென்று செய்யப்பட்டதன்று. ஏற்றும் மேசையில் சுடுபவரிடம் எவரும் பேசலாகாது என்னும் விதியை மேசை அலுவலர் மீறினார்; அதனால் எண்ணிக்கை கலைந்தது. புகார் தள்ளுபடி. ஆர்வில் ட்ரூப் வேறொரு நடுவர் முன்னிலையில் மீண்டும் சுடலாம். விதியை மீறிய அலுவலர் வெல்மா ஹாஸ்கெட் இன்றுடன் பொறுப்பிலிருந்து விலகுகிறார். பேசிய சொற்களைப் பேசியவாறே பதிய வேண்டும் என்பதால் அவை கீழே தரப்படுகின்றன."

கீழே இருந்த வரியில் அவன் குரல் நின்றது. மீதியை ஆர்வில் அவன் தோளுக்குமேல் எட்டிப் படித்தார்.

"‘ஆர்வில், யோசிச்சுட்டேன். கட்டிக்கலாம்.’"