ஏரிக்கரையில் ஒரு வேண்டுதல்

1998 ஒக்டோபர், ஒரு ஞாயிறு. இத்தாலியின் பலேர்மோ நகருக்கு மேலே, மலைமீதுள்ள பியானா ஏரிக்கரையில் தூண்டிலோடு நின்றான் கொட்வின். மன்னார் மீனவன் மகன் நான், ஏரியிலிருந்து த்ரோத்தா மீன் கொண்டுவருகிறேன் என்று வேலைவீட்டு எசமானி சிஞ்ஞோராவிடம் பெருமையடித்திருந்தான். அவளும் இரவுச் சாப்பாட்டுக்கு எட்டுப்பேரைக் கூப்பிட்டுவிட்டாள்.

இரண்டு மீன்கள் கொத்தி, இழுக்கும்போதே கழன்றுவிட்டன. இரண்டு தடவையும், காரில் அவனைக் கூட்டிவந்த அம்பலவாணர் பக்கத்தில் கண்ணை மூடி, "முருகா! முருகா!" என்று உருகினார்.

"நல்லாக் கும்பிடுங்கோ அண்ணை!"

"கும்பிடுறன் தம்பி."

மூன்றாவது மீன் தூண்டிலை வில்லாக வளைத்தது. கொட்வின் துள்ளினான். "முருகா!" என்று அம்பலவாணர் அலறினார். மீன் வாலால் தண்ணீரை அடித்துவிட்டுத் தப்பியது.

"நன்றி, அப்பனே!" என்றார் அம்பலவாணர்.

கொட்வின் திரும்பினான். "என்னது, நன்றியோ?"

"கந்தசட்டி விரதம் தம்பி. என்ரை கண்முன்னாலை ஒரு உயிரும் போகக்கூடாதெண்டு கும்பிட்டன். மூண்டையும் காப்பாத்திப் போட்டான்."

"ஐயோ அண்ணை! நான் இஞ்சை அந்தோனியாரை மண்டாடிக்கொண்டு நிக்கிறன்!" கொட்வினால் சிரிப்பை அடக்கமுடியவில்லை. "எழும்பிப் போய்க் காருக்குள்ளை இருங்கோ!"

அவர் போய்க் கதவைச் சாத்திய ஐந்தாவது நிமிடம் கொழுத்த த்ரோத்தா ஒன்று கரையேறியது. அதை உயர்த்திப் பிடித்தபடி கொட்வின் கூவிக்கொண்டு ஓடினான். கார்க்கதவு திறக்கவில்லை. கண்ணாடி மட்டும் இரண்டு விரல் இறங்கியது.

"விரதகாலத்திலை என்ரை காருக்குள்ளை மச்சம் ஏறாது தம்பி. நீர் பஸ்ஸிலை வாரும்."