வாங்காமல் படிப்பவர்

என் மனைவி சுகந்தி ஒரு கிரைண்டர் கம்பெனியின் இணையதளத்தில் வலைப்பதிவு எழுதிவந்தாள். அவள் இறந்துபோன பிறகு, மாவு பொங்காத நாட்களைப் பற்றி அவள் எழுதிய பதிவைத் தினமும் காலையில் படிப்பேன். "அன்றைக்கு என் வீட்டுக்காரர் குறை சொல்லமாட்டார், இட்லி வேண்டாம், தோசை போதும் என்பார்" என்று அதில் ஒரு வரி உண்டு.

பதிவைப் படிப்பவர்களில் எத்தனை பேர் கிரைண்டர் வாங்குகிறார்கள் என்று அங்கே ஒரு இயந்திரம் அளந்துகொண்டே இருக்கும். நூறு தடவை படிக்கப்பட்டு இரண்டு கிரைண்டர்கூட விற்காவிட்டால் பதிவைத் தானே அழித்துவிடும்.

அவளோடு வேலை பார்த்த பிரசீதா ஒருநாள் கூப்பிட்டாள்.

"ஐயா, ஒருத்தர் எழுநூறு தடவை படிச்சிருக்காருங்க, ஒண்ணுகூட வாங்கல. அவரால அக்கா பதிவு நாளைக்கு அழியப்போகுது. அந்தப் புண்ணியவான் நீங்கதானுங்களா?"

"நான்தாம்மா. ஒரு கிரைண்டர் வாங்கிடட்டுமா?"

"ஏற்கெனவே ரெண்டு கிடக்குதுன்னு அக்கா திட்டுவாங்களே! நீங்க சும்மா இருங்க."

மறுநாள் பயந்துகொண்டே திறந்தேன். பதிவு இருந்தது. அதற்கு மேலே, எனக்கு மட்டும் தெரியும்படி புதிதாக ஒரு வரி: "எழுதியவரின் வீட்டுக்காரர். கணக்கில் சேர்க்க வேண்டாம்."

அந்தப் பெண் நன்றாக இருக்கட்டும். இப்போது தினமும் இரண்டு முறை படிக்கிறேன்.