ருஷ்ய மொழி தெரிந்தவர்

முசோலினியின் போலீசுக்குத் தப்பி மாஸ்கோவுக்கு ஓடிய இத்தாலியக் கம்யூனிஸ்டுகளில் லிவியோ பெர்த்தோலியும் ஒருவர். 1937இல் ஒரு காலை, அங்கிருந்த ரகசியப் போலீஸ் அதிகாரி அவர் முன்னால் ஒரு தாளை நகர்த்தினார். அவரோடு ஒரே அறையில் தங்கி, ஒரே ரொட்டியைப் பிட்டுத் தின்ற நண்பன் குய்தோ உளவாளி என்று அதில் எழுதியிருந்தது. மறுத்தால் அடுத்த தாளில் தன் பெயர் இருக்கும் என்று லிவியோவுக்குத் தெரியும். கையெழுத்துப் போட்டார். குய்தோவை அதன்பிறகு யாரும் பார்க்கவில்லை.

போர் முடிந்து ஊர் திரும்பியவரை ஜனங்கள் தோளில் தூக்கிக் கொண்டாடினார்கள். மூன்று முறை நாடாளுமன்றத்துக்குப் போனார். 1958 தேர்தலில், மோதெனா நகரச் சதுக்கத்தில் பேசிவிட்டு மேடையை விட்டு இறங்கியபோது ஒரு பெண் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள்.

“நான் நோர்மா. குய்தோவின் மனைவி.”

லிவியோ தொப்பியைக் கழற்றிக்கொண்டு அவள் கையைப் பற்றினார்.

“நிமோனியாவில் இறந்ததாக எழுதியிருந்தார்கள். நீங்கள் கூடவே இருந்தீர்களாமே. ரொம்பக் கஷ்டப்பட்டாரா?”

“இல்லை, தோழர். தூக்கத்திலேயே போய்விட்டான்.” தன் குரல் அவ்வளவு நிதானமாக வந்தது அவரையே நடுங்க வைத்தது.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பையிலிருந்து தடித்த உறை ஒன்றை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

“நேற்று மாஸ்கோவிலிருந்து வந்தது. அவர் மேல் ஏதோ வழக்கு இருந்ததாம், அந்தத் தாள்களின் நகல். எல்லாம் ருஷ்ய மொழி. நீங்கள்தான் படித்துச் சொல்ல வேண்டும்.”

சுற்றி நின்றவர்கள் தொப்பியைக் கழற்றினார்கள். “எல்லோருக்கும் கேட்கட்டும், தோழர்” என்று ஒரு தொண்டர் மைக்கை அவர் வாயருகே நீட்டினார்.