ஆறாவது பொத்தான்

முன்பெல்லாம் பாம்பன் மீனவர் தஸ்நேவிஸை ஒரு நாடுதான் பிடிக்கும். பாதுகாப்பு ஒத்துழைப்பு என்று அண்டை நாடுகள் ஆறும் கைகோத்த பிறகு, கடலில் எல்லைக்கோட்டைத் தாண்டினால் ஆறும் சேர்ந்து பிடித்தன. ரோந்துக் கப்பலில் இருக்கும் ஆறு அதிகாரிகளும் ஆளுக்கொரு பொத்தானை அமுக்கினால்தான் விடுதலை.

இந்த முறை பிடிபட்ட அன்று சாயங்காலம் மகளுக்கு நிச்சயதார்த்தம். இவர் போகாவிட்டால், முகம் பார்த்துப் பேசாத தம்பிதான் அப்பன் இடத்தில் நின்று தட்டு மாற்றுவான்.

ஐந்து பேர் அமுக்கிவிட்டார்கள். ஆறாமவர் கடலே இல்லாத மலைநாட்டுக்காரர். கப்பல் ஏறிய நாள் முதல் வாந்தியெடுத்து, விரலைத் தூக்கவும் தெம்பில்லாமல் சுருண்டு கிடந்தார்.

தஸ்நேவிஸ் சோற்றுத்தூக்கைத் திறந்தார். மனைவி ஜெனோவா போட்ட நார்த்தங்காய் ஊறுகாயில் ஒரு துண்டை மலைநாட்டார் வாயில் வைத்து, "நல்லாச் சப்புங்க சார். கண்ணைத் தூரத்துல வைங்க" என்றார்.

கொஞ்ச நேரத்தில் மலைநாட்டார் எழுந்து உட்கார்ந்தார். தஸ்நேவிஸின் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொல்ல, சட்டையில் குத்தியிருந்த மொழிபெயர்ப்புக் கருவி தமிழில் குழைந்தது: "நீங்க போயிட்டா எனக்கு யாரு இருக்கா? ரோந்து முடியட்டும், அமுக்குறேன்."

மற்ற ஐந்து நாடுகளும் வருத்தம் தெரிவித்தன. ஒத்துழைப்பைக் குலைக்க அவற்றுக்கு மனமில்லை. வீட்டுக்குப் போன் பேச மட்டும் விட்டார்கள்.

ஜெனோவா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். பின்னால் மாப்பிள்ளை வீட்டார் காப்பி ஆற்றும் சத்தம் வந்தது.

"ரோந்து எப்ப முடியுமாம்?"

"ஈஸ்டருக்குள்ள முடிஞ்சிருமாம்."

"உங்க தம்பி தட்டோட நிக்கிறாரு. வேட்டிகூட உங்களுக்கு எடுத்ததுதான்" என்றாள். "இனிமே கடலுக்குப் போறப்ப உங்களுக்கு ஊறுகா கிடையாது."