கப்பல் தெரியுது

“நல்லா இருந்த கொம்பியூட்டரைக் கெடுத்துப்போட்டு, இப்ப காலமை பஸ் ஏறி ரவுனுக்குப் போறாள், அங்க இருந்து வேலை செய்யவாம். எல்லாம் சாட்டு!”

மீன்காரரின் சைக்கிளடியில் நின்று சீதேவி தன் மருமகளைப் பற்றிப் பக்கத்து வீட்டு ஜெஸ்மினிடம் முறையிட்டுக்கொண்டிருந்தாள்.

“லதுசா அப்பிடி என்னத்தைக் கெடுத்தவள்?”

“அதுக்குள்ள கிராபிக்ஸ் கார்ட் எண்டு ஒண்டு இருக்காம். அதின்ர டிரைவரை அப்டேட் பண்ணுறன் எண்டு எதையோ அமத்தினாள். திரை கறுத்துப்போச்சு. திரும்பி வரேக்க எழுத்தெல்லாம் பூசணிக்காய் மாதிரி. போன கிழமையில இருந்து அப்பிடியே கிடக்கு. கேட்டா, ‘சரிவருதில்லை மாமி’ எண்டுறாள்.”

பேசியபடியே சீதேவி ஒரு மீனைத் தூக்கி, கையை நீட்டித் தூரப்பிடித்துச் செவுளைப் பார்த்தாள்.

ஜெஸ்மினுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “அக்கா, செவுள் பார்க்க மீனை வீதிக்கே கொண்டுபோறியள். ஒரு கண்ணாடி எடுங்கோவன்.”

“எனக்கென்ன கண்ணில குறை? கரையில நிண்டு துறைமுகத்துக்குள்ள நிக்கிற கப்பலின்ர பேரை வாசிப்பன். கண்ணாடி கிழடுகளுக்கு! லதுசாவும் ஒருநாள் கேட்டவள், கண் கிளினிக்குக்குப் போவமோ எண்டு. நல்லா ஏச்சுக் குடுத்தன்.”

“சரி, சரி. எங்கட வீட்டுக் கொம்பியூட்டர் பார்க்கிற அப்ராஸை வரச்சொல்லுறன்.”

லதுசாவின் தொழில் கலியாண அல்பம் வடிவமைப்பது. வீட்டிலிருந்தே செய்துவந்தாள். எழுத்துகள் இப்படி ஊதினால் அல்பத்தின் ஒரு பக்கம்கூட முழுதாகத் திரையில் அடங்காது. அதனால்தான் உப்புவெளியிலிருந்து பட்டணத்தில் உள்ள ஸ்டூடியோவுக்கு அலைகிறாள்.

சீதேவிக்கு அந்தக் கொம்பியூட்டர் வேண்டியது மகனுக்காக. றமேஸ் சரக்குக் கப்பலில் வேலை. கப்பல்கள் எங்கெங்கே போகின்றன என்று காட்டும் கடல் வரைபடம் ஒன்றை லதுசா திறந்து வைப்பாள். “இந்தா மாமி, இதுதான் அவர்ர கப்பல்” என்று விரல் வைத்துக் காட்டுவாள்.

“ஓம், ஓம், தெரியுது” என்பாள் சீதேவி. பிறகுதான் தேத்தண்ணி இறங்கும்.

போன கிழமை திரை கறுத்து மீண்டு வந்த அன்று, லதுசா குசினியில் நிற்க, சீதேவி தானே மவுஸைப் பிடித்துத் தேடினாள்.

“பிள்ளை, ஓடியா! றமேஸின்ர கப்பல்! நானே கண்டுபிடிச்சிட்டன்!”

அவள் போட்ட சத்தத்தில் அடுத்த வீட்டு நாய் குரைத்தது. லதுசா ஓடிவந்து, கப்பலைப் பார்க்காமல் மாமியின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

பின்னேரம் அப்ராஸ் வந்தார். கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, சட்டைப் பையிலிருந்து மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு அங்குமிங்கும் தட்டிப் பார்த்தார்.

“அக்கா, கார்டில ஒரு கோளாறும் இல்லை. பிழையான டிரைவரை அழிச்சுப்போட்டு, போன கிழமையே ஆரோ சரியானதைப் போட்டிருக்கினம்.”

“அப்ப இந்த எழுத்து?”

“அது பழுதில்லை. வேணுமெண்டே ஆரோ பெருசாக்கி வைச்சிருக்கினம். இந்தா, பழையபடி ஆக்கிவிடுறன்.”

ஒரு தட்டு. எல்லாம் சுருங்கி ஒழுங்காகிவிட்டது.

“பார்த்தியளே! இவ்வளவுதான் வேலை. அவளுக்கு உடம்பு வளைக்கப் பஞ்சி. ரவுனில சுத்த ஒரு சாட்டு!” என்றாள் சீதேவி. “நில்லுங்கோ தம்பி, ஒருக்கா மகன்ர கப்பலைப் பார்த்திட்டு விடுறன். அந்தக் கடலில காத்தாம் எண்டு ரேடியோவில சொன்னவங்கள்.”

வரைபடம் திறந்தது. நீலக் கடல் முழுக்கக் கடுகு கொட்டினாற்போல் இருந்தது. கிட்டக் குனிந்தாள். பின்னால் சாய்ந்தாள். திரையைக் கையால் துடைத்தாள்.

“காணேல்லையே! தம்பி, என்ர பிள்ளையின்ர கப்பலைக் காணேல்லை!”

“பயப்பிடாதேங்கோ அக்கா. உங்கட விரலுக்குக் கீழதானே நிக்குது.”

சீதேவி விரலை எடுத்தாள். அப்போதும் அவளுக்குத் தெரியவில்லை.

அன்று கப்பலைப் பார்க்காமல் தன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்ற லதுசா அவள் நினைவுக்கு வந்தாள். கண் என்று சொன்னால் மாமி பாய்வாள். அதனால்தான் கொம்பியூட்டர் பழுது என்று சொல்லி, ஏச்சையும் வாங்கிக்கொண்டு, ஒருத்தி பஸ்ஸில் அலைகிறாள்.

“தம்பி, முந்தி இருந்தமாதிரியே பெருசாக்கிவிடுங்கோ.”

“அப்ப மருமகளுக்குக் கரைச்சலெல்லோ?”

“ஓம்” என்றாள் சீதேவி. “எண்டாலும் அவள் வைச்சது வைச்சபடியே இருக்கட்டும்.”

பொழுதுபடும் நேரம் லதுசா களைத்துப்போய் வந்தாள். ஜெஸ்மின் வாசலிலேயே செய்தி சொல்லிவிட்டாள் போலும். செருப்பைக் கழற்றாமலே கேட்டாள்.

“அப்ராஸ் நானா வந்தவராமே மாமி. என்ன... என்ன சொன்னவர்?”

“அவராலையும் ஏலாதாம். அந்தக் கார்ட் அப்பிடித்தானாம்.”

லதுசாவுக்கு மூச்சு வந்தது. “அவர்ர கப்பல்?”

“தெரியுது பிள்ளை. நல்லாத் தெரியுது.” சீதேவி தேத்தண்ணிக் கோப்பையை அவள் கையில் வைத்தாள். ஒரு நாளும் இல்லாத வழக்கம்.

“அதை விடு. நாளைக்கு ஸ்டூடியோவுக்கு லீவு சொல்லிப்போட்டு, என்னைக் கண் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போ. இந்த மீன்ர செவுள்தான் சரியாத் தெரியுதில்லை.”