ஆஃப் ரோடு

"அஞ்சு தடவை ஜீப் ரிப்பேர். ஒரு தடவைகூட மெக்கானிக் பில் இல்லை. எப்படிம்மா?"

அரிகிருஷ்ணன் லாக் புக்கை மேஜைமேல் போட்டார். அரசு வண்டிகளை நன்றாகப் பராமரிக்கும் ஆபீசுக்கு விருதாம். யாருக்கு என்று பார்த்துச் சொல்லும் பிடுங்கல் அவர் தலையில். காலையிலிருந்து தாம்பரத்தைச் சுற்றிச் சுற்றி இது ஏழாவது ஆபீஸ். இடுப்பு கழன்றுவிட்டது.

எதிரே வாகனப் பிரிவு கண்காணிப்பாளர் ஜெயசீலி. மார்ச்சில் ரிடையர்மென்ட்.

மற்றபடி டயர், ஆயில், சர்வீஸ் எல்லாம் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல. விருது இங்கேதான் என்று முடிவே கட்டியிருந்தார். இந்த ஒரு ஜீப்தான் ஐந்து நாள் 'ஆஃப் ரோடு', அதாவது ஓட லாயக்கில்லை.

"சொந்த வேலைக்கு அனுப்பினீங்களா? நான் எழுதினா பென்ஷன் நின்னுடும், தெரியுமில்ல?"

"மீட்டரைப் பாருங்க சார். ஒரு கிலோமீட்டர்கூட ஓடலை. ஷெட்லதான் நின்னுது."

"நல்லா இருக்கிற வண்டியை எதுக்கு நிறுத்தினீங்க?"

ஜெயசீலியின் குரல் இறங்கியது.

"டிரைவர் பென்னிக்காக சார். மழை டியூட்டின்னா மூணு நாள் தூக்கமே இருக்காது. நாலாவது நாள் காலையிலேயே மறுபடி கூப்பிடுவாங்க. டிரைவர் போஸ்ட் மூணு காலி. லீவு கேட்டா, ஆள் எங்கேம்பாங்க. வண்டி ரிப்பேர்னா மட்டும் யாரும் வாயைத் திறக்க மாட்டாங்க. விருதெல்லாம் வேணாம் சார். அவனை ஒண்ணும் கேட்டுடாதீங்க, அவனுக்காகத்தான் நிறுத்தினேன்னு அவனுக்கே தெரியாது."

அரிகிருஷ்ணனுக்குக் கோபம் வரவில்லை. அலுப்பாகத்தான் இருந்தது.

விருதுப் பட்டியலில் அந்த ஆபீசின் பெயரைக் கோடு போட்டு அடித்தார். லாக் புக்கில் 'பழுது உண்மை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

வெளியே அவருடைய டிரைவர் அன்பு ஸ்டியரிங்கில் தலை சாய்த்திருந்தான். சத்தம் கேட்டுப் பதறி நிமிர்ந்தான். கண் இரண்டும் சிவந்து கிடந்தன. இத்தனை நாளும் இப்படித்தான் இருந்திருக்குமோ? அரிகிருஷ்ணனுக்குக் கூச்சமாக இருந்தது.

"அடுத்தது பொழிச்சலூர்தானே சார்? ஏறுங்க, போலாம்."

"என்ன அன்பு, வண்டியில ஏதோ சத்தம் வருதே?"

"இன்னா சார், வண்டிய இன்னும் ஸ்டார்ட்டே பண்ணலயே!"

"எனக்குக் கேக்குதுப்பா. ஆஃப் ரோடுன்னு எழுதிடறேன். இங்கேயே ஷெட்ல நிறுத்திட்டு வீட்டுக்குப் போய்த் தூங்கு. நான் பஸ்ல போய்க்கறேன்."